பூவாத்தாள் கேட்ட கேள்வி

பிஸ்கட் டப்பாவுக்குள் கையை விட்டு அமராவதி எடுத்த சீட்டில் ‘லூயி பாஸ்டர்’ என்று எழுதியிருந்தது.

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நியூட்டன் பெயர் வர வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். நியூட்டன் என்றால் கஷ்டமே இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தார், ஆப்பிள் விழுந்தது, யோசித்தார் என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம். அந்தச் சீட்டு கடைசி பெஞ்சு திருமூர்த்திக்குப் போய்விட்டது.

"உனக்கு யாரு வந்துது?" என்று எட்டிப் பார்த்தான் திருமூர்த்தி. "பிளாஸ்டரா?"

வகுப்பே சிரித்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருடம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் அமராவதி ஐந்தாம் வகுப்புப் படித்தாள். ஞானாம்பாள் டீச்சர் அந்த வருடம் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் கடைசி வகுப்பில் ஒருவர் எழுந்து ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் பேச வேண்டும். பெயர் ‘அ’ என்று தொடங்கியதால் முதல் வெள்ளிக்கிழமையே அமராவதியின் முறை.

டீச்சர் பீரோவைத் திறந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். "இதுல எல்லாம் இருக்கு. படிச்சு, உன் சொந்த வார்த்தையில பேசணும்."

"சரிங்க டீச்சர்" என்றாள் அமராவதி. சீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தாள். தைரியம் வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவாத்தாள் அவள் கையைக் கிள்ளினாள். "விடு புள்ள. பொழுதோட பஞ்சுவப் பாக்கப் போலாம்."

பஞ்சு ஒரு நாய். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில் ஒரு பனியன் கம்பெனி இருந்தது. அதன் பின்புறத்தில், வெட்டி மிஞ்சிய பனியன் துண்டுகளைக் குவித்துவைக்கும் அறை. ஆறு மாதத்துக்கு முன் அந்தக் குவியலுக்குள்ளிருந்து உடம்பெல்லாம் பஞ்சும் நூலும் ஒட்டியபடி ஒரு குட்டி எழுந்து வந்தது. நாயா ஆட்டுக்குட்டியா என்றே தெரியவில்லை. பூவாத்தாள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்தாள். அப்புறம் குளிப்பாட்டிப் பார்த்தால் அது நல்ல கறுப்பு நாய். வைத்த பெயரை மாற்ற அவளுக்கு மனமில்லை.

அன்று மாலை இருவரும் போனபோது பஞ்சு குவியல் மேல் சுருண்டு கிடந்தது. பூவாத்தாள் களி உருண்டையை இலையில் வைத்து நீட்டினாள். எப்போதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் பஞ்சு அன்று உறுமியது. உறுமியது மட்டும் அல்ல. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து அவள் மணிக்கட்டைக் கவ்விவிட்டது.

அமராவதி அவளை இழுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். நான்கு பல் பட்டிருந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்ற ரத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு பனியன் துண்டைக் கிழித்துக் கட்டினாள்.

"உங்க ஊட்டுல சொல்லோணும்" என்றாள் அமராவதி.

"வேண்டாம்புள்ள." பூவாத்தாளுக்கு வலியைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. "அவன் வேணும்னு கடிக்கல. தூங்கறவன நான்தான் எழுப்பிப்போட்டேன். எங்கப்பனுக்குத் தெரிஞ்சா தடியத் தூக்கிட்டு வந்துரும்."

பூவாத்தாளின் அப்பா சாமியப்பன் மாட்டு வண்டி ஓட்டுபவர். கம்பெனியிலிருந்து துணியைச் சலவைப் பட்டறைக்கு ஏற்றிப் போவார். போன வருடம் மாட்டை மிரட்டிய ஒரு நாயை அவர் அடித்த அடி இருவருக்கும் நினைவிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லு. முருகன் மேல சத்தியம் பண்ணு."

அமராவதி சத்தியம் செய்தாள்.

பூவாத்தாள் வீட்டில் வண்டிப் பட்டை கீறிவிட்டது என்று சொன்னாள். அவளுடைய அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அமராவதி புத்தகத்தைப் பிரித்தாள். அடுப்படியில் அம்மா கண்ணம்மாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளைக்காரரு அப்படி என்னதான் பண்ணுனாராம்?" என்று கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத கிருமியாலதான் பண்டம் கெடுதுன்னு சொன்னாரும்மா. பாலு கெடாம இருக்கோணும்னா சூடு பண்ணோணுமாம்."

"அதச் சொல்றதுக்கு ஒரு ஆளா? நான் தெனமும் காச்சறேன். என்னைய யாரு புத்தகத்துல போட்டாங்க?"

அமராவதி சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் ஜோசப் என்று ஒரு பையன் இருந்தான். ஒன்பது வயது. வெறிநாய் அவனைப் பல இடங்களில் கடித்துவிட்டது. நாய்க்கு வெறி இருந்தால், கடிபட்டவருக்கும் அந்த நோய் வரும் என்று எழுதியிருந்தது. உடனே வராது. வாரக்கணக்கில் உடம்புக்குள் ஒளிந்திருக்கும். வெளியே வந்துவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் காப்பாற்ற முடியாது. அது வெளியே வரும் முன் ஊசி போட்டுவிட வேண்டும். அந்த ஊசியைப் பாஸ்டர்தான் கண்டுபிடித்திருந்தார். அதுவரை மனிதர் யாருக்கும் அவர் அதைப் போட்டுப் பார்த்ததில்லை. ஜோசப்பின் அம்மா கெஞ்சினாள். பாஸ்டர் வேறு வழியில்லாமல் ஊசி போடச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு நாளும் தூக்கமில்லாமல் தவித்தாராம். பையன் பிழைத்துக்கொண்டான்.

வெறி பிடித்த நாய் எப்படி இருக்கும் என்றும் எழுதியிருந்தது. சாப்பிடாது. இருட்டில் ஒதுங்கும். குரல் மாறும். வாயில் நீர் வடியும்.

அமராவதி அதை மூன்று முறை படித்தாள்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிப் பின்புறம் போனாள். பஞ்சு மூலையில் நின்றது. பூவாத்தாள் கூப்பிட்டாள். வரவில்லை. முந்தின நாள் வைத்த களி அப்படியே காய்ந்து கிடந்தது. பஞ்சுவின் வாயோரம் நீர் கோடு கோடாக இறங்கியது.

"சளி புடிச்சிருக்கும்" என்றாள் பூவாத்தாள். கிட்டே போகப் பார்த்தாள்.

அமராவதி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "அக்கட்டால போகாத. சொல்லிரலாம் புள்ள. உனக்கு ஊசி போடோணும். புத்தகத்துல இருக்குது."

"சத்தியம் பண்ணியிருக்கற."

"பண்ணுனேன். ஆனா..."

"அவனக் கொன்னுபோடுவாங்க அமரா." பூவாத்தாளின் கண் நிறைந்துவிட்டது. "சனிக்கெழம வரைக்கும் பொறு. அதுக்குள்ள சரியாகலீன்னா நானே எங்கப்பன்கிட்டச் சொல்றேன்."

அமராவதி சரி என்றாள்.

ஏன் சரி என்றாள் என்று பிற்பாடு அவள் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். சத்தியத்துக்குப் பயந்தது உண்மை. ஒரே தோழியை இழந்துவிடுவோமோ என்று பயந்ததும் உண்மை. இன்னொன்றும் இருந்தது. மறுநாள் பேச வேண்டிய பேச்சு அவளுக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. வாரக்கணக்கில் ஒளிந்திருக்கும் நோய்க்கு இரண்டு நாள் என்ன பெரிது என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. அமராவதி எழுந்து முன்னால் போய் நின்றாள். முதல் வரியில் திக்கினாள். போகப் போகப் பேச்சு தானாக வந்தது. பால் கெட்ட கதைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். பாஸ்டர் சிறுவனாக இருந்தபோது அவருடைய ஊருக்குள் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்தது. கடித்த இடத்தில் கொல்லன் பட்டறையில் இரும்பைக் காய்ச்சிச் சூடு வைத்தார்கள். அந்த அலறலை அவர் சாகும்வரை மறக்கவில்லை. இதைச் சொன்னபோது திருமூர்த்திகூட வாயைத் திறந்தபடி கேட்டான்.

"பாஸ்டர் இல்லீன்னா ஜோசப் செத்துப்போயிருப்பான். அவங்கம்மா ஒரு நாளும் காத்திருக்கல. உடனே கூட்டிட்டு ஓடுனாங்க. அதனால அவன் பொழச்சுக்கிட்டான்" என்று சொல்லி முடித்தாள்.

கைதட்டல் பலமாக இருந்தது. கைதட்டாமல் இருந்தவள் பூவாத்தாள் ஒருத்திதான். மணிக்கட்டை மறு கையால் மூடியபடி பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லாப் பேசினே" என்றார் டீச்சர். "யாராவது கேள்வி கேட்கிறீங்களா?"

பூவாத்தாள் மெதுவாக எழுந்தாள். "அந்த நாய் என்னாச்சுங்க டீச்சர்?"

அமராவதிக்கு பதில் தெரியாது. டீச்சர்தான் சொன்னார். "அதைக் கொன்னுட்டாங்கம்மா. வெறி புடிச்ச நாயை விட்டா இன்னும் நாலு பேரைக் கடிக்குமே."

"சரிங்க" என்று பூவாத்தாள் உட்கார்ந்தாள்.

டீச்சர் அப்போது அங்கேதான் நின்றார். கையெட்டும் தூரம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அமராவதி சொல்லவில்லை. கைதட்டல் வாங்கிய அதே இடத்தில் ஊமையாக நின்றாள்.

சனிக்கிழமை காலை பூவாத்தாள் வீட்டுக்குப் போகக் கிளம்பிய அமராவதி, கம்பெனிச் சந்தில் கூட்டத்தைப் பார்த்தாள். வாசற்படியில் வாச்சுமேன் நல்லான் உட்கார்ந்திருந்தார். வலது கை முழுக்க ரத்தம். அவரைச் சுற்றித் தடியோடு நாலைந்து பேர்.

"ரெண்டு நாளா தண்ணி குடிக்காமக் கெடக்குதேன்னு ஒரு சட்டியில கொண்டுபோய் வெச்சேனுங்க" என்று நல்லான் சொல்லிக்கொண்டிருந்தார். "கையப் புடிச்சுப்போட்டுது. உள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டேன்."

"கதவத் தொறங்க, அடிச்சுப்போடலாம்" என்றார் ஒருவர்.

"வேண்டாமுங்க. சீக்கு வந்த சீவன். அது என்ன பண்ணும் பாவம்."

அமராவதி அங்கே நிற்கவில்லை. மூச்சிரைக்க ஓடினாள். சாமியப்பன் வண்டி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, பூவுவ நாய் கடிச்சுப்போட்டுதுங்க. அந்த நாய்க்கு வெறி புடிச்சிருக்குதுங்க. இப்ப நல்லாண்ணாவையும் கடிச்சிருச்சு. ஊசி போடோணுமுங்க மாமா, ஒடனே போடோணும்."

சாமியப்பன் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "பூவுவ எப்பக் கடிச்சுது?"

"திங்கக்கெழமைங்க."

அவர் கத்துவார் என்று அமராவதி நினைத்தாள். அவர் கத்தவில்லை. விரலை மடக்கி நாளை எண்ணினார். நடுவிலேயே விரல் நின்றுவிட்டது. தவிட்டுக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பெரிய மனிதர் உட்கார்ந்ததைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மறு நிமிடமே எழுந்து மாட்டைப் பூட்டினார்.

பூவாத்தாளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார். அவள் அழவில்லை. அமராவதியைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னிக்குத்தானே சனிக்கெழமை. நானே சொல்லியிருப்பேன்."

வண்டி கம்பெனி வாசலில் நின்று நல்லானையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. அமராவதி வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள்.

நல்லானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சாமியப்பன் உள்ளே டாக்டரிடம் பேசினார். டாக்டர் புண்ணைப் பார்த்தார். "நாள் கடத்திட்டீங்க. இருந்தாலும் இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம். பதினாலு ஊசி. தினமும் ஒண்ணு. ஒரு நாளும் தவறக் கூடாது" என்றார்.

அந்தக் காலத்தில் அந்த ஊசியை வயிற்றில்தான் போடுவார்கள். மருந்து குன்னூரிலிருந்து வந்தது. அதைத் தயாரிக்கும் இடத்துக்குப் பாஸ்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்று கம்பவுண்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் கேட்டிருந்தால் அமராவதி துள்ளிக் குதித்திருப்பாள். பேச்சில் சேர்த்திருப்பாள். இப்போது சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

உள்ளே பூவாத்தாள் ஒருமுறை கத்தியது கேட்டது.

அடுத்து நல்லான் போனார். "வயித்துல ஓட்டை போட்டா, திங்கற சோறு ஒழுகிப்போகாதுங்களா டாக்டர்?" என்று கேட்டார். நர்சம்மா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஞ்சு அந்த அறைக்குள்ளேயே செத்துப்போனது. நல்லான்தான் ஆள் வைத்து, கம்பெனிக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டச் செய்தார். அடுத்த நாள் ஊசிக்கு வந்தபோது பூவாத்தாளிடம் சொன்னார்.

"யாரும் அடிக்கலீங்க அம்மிணி. தானாத்தான் போச்சு. நான் கதவு பக்கத்துலயே இருந்தேன்."

பூவாத்தாள் தலையை ஆட்டினாள். அமராவதியின் பக்கம் திரும்பவே இல்லை.

தினமும் காலையில் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. தினமும் அமராவதியும் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நாலாம் நாள் சாமியப்பன் வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோ கண்ணு" என்றார். ஏறிக்கொண்டாள். பூவாத்தாள் நகர்ந்து இடம் விட்டாள். பேசவில்லை.

எட்டாம் நாள் நல்லானுக்குக் காய்ச்சல். கை வீங்கிப் புடைத்திருந்தது. அன்று அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி தெய்வாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, சேலை முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் அந்த முந்தானை அமராவதியின் கண்ணுக்குள்ளேயே நின்றது.

பதினாலாம் நாள் வந்தது. கடைசி ஊசியும் ஆயிற்று. டாக்டர் பூவாத்தாளின் கன்னத்தைத் தட்டி, "இனிப் பயமில்லை" என்றார்.

சாமியப்பன் மருந்துச் சீட்டு வாங்கப் போயிருந்தார். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"நான் சத்தியத்த மீறிப்போட்டேன். அதுக்குத்தானே கோவம்?" என்றாள் அமராவதி.

பூவாத்தாள் இல்லை என்று தலையாட்டினாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் முறையாகப் பேசினாள். "உன்னப் பாத்தா நல்லாண்ணா கை ஞாபகம் வருது. நாமதான் அவரு கைய அப்படிப் பண்ணிப்போட்டோம்."

"எனக்கும் அப்படித்தான் இருக்குது."

"அவருக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் ஒரே நாள்ல கடிச்சுதுன்னு நெனச்சிட்டிருக்காரு."

அமராவதி வராந்தாவில் உட்கார்ந்திருந்த நல்லானைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சொல்லிரலாமா?" என்றாள்.

இந்த முறை பூவாத்தாள் பொறு என்று சொல்லவில்லை.

நல்லான் பெஞ்சில் உட்கார்ந்து தலைத்துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. இடது கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லாண்ணா, பஞ்சு என்னைய மொதல்லயே கடிச்சுதுங்க" என்றாள் பூவாத்தாள். "உங்களக் கடிக்கறதுக்கு அஞ்சு நாளு முன்னாடியே. அடிச்சுருவாங்கன்னு மறச்சுட்டேன்."

"அதுக்கு வெறி புடிச்சிருக்கும்னு எனக்கு வியாழக்கெழமயே தெரியுமுங்க" என்றாள் அமராவதி. "வெள்ளிக்கெழம வகுப்புல அதப் பத்தியே பேசுனேன். உங்ககிட்ட வந்து சொல்லல. தப்புங்கண்ணா."

நல்லானின் கை துண்டோடு நின்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அம்மிணி" என்றார். "நான் அடிக்க விட்டிருக்க மாட்டேனே. தண்ணி வெக்கக் கிட்டப் போயிருக்கவும் மாட்டேன்."



"கை வீங்குனதுலருந்து வேலைக்குப் போகல. எங்கூட்டுல ஒரு வாரமா அடுப்பு பத்த வெக்கல" என்றார் நல்லான். குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. துண்டைக் கட்டி முடித்தார். எழுந்தார். எப்போதும் போல "வரனுங்க அம்மிணி" என்று சொல்லாமல் வாசலைத் தாண்டி நடந்து போய்விட்டார்.

அவர் தெருமுனையில் திரும்பி மறையும் வரை இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பூவாத்தாள் மூக்கை உறிஞ்சினாள்.

"ரொம்பக் கோவம் அவருக்கு."

"ஆமா. வரத்தானே செய்யும்."

"நாளைக்கு அவரு ஊட்டுக்குப் போலாமா? அந்த அக்காவுக்குக் கொடம் தூக்கித் தரலாம். அவருக்கு ஒரு கைதானே வேல செய்யுது."

"போலாம்."

"நாளைக்கும் பேசலீன்னா?"

அமராவதி பூவாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளன்னைக்கும் போலாம்" என்றாள்.